ஆலஸ்யமும் ஆயாசமும்

"காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது, சுவாமி" என்று சந்நிதியில் தீர்த்தம் பெற்றுக்கொள்ளும் வேளையில் முறையிடாதவர் இக்காலத்தில் அரிது. தென்னந்தோப்பில் பாடுபடுபவரும், நார் ஆலைக்குச் செல்லும் பெண்மணியும், நூற்பாலையில் இரவு முறை முடித்து வரும் இளைஞரும், நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் உத்தியோகஸ்தரும் இதையே கூறுகின்றனர். நாம் வழக்கமாக அளிக்கும் சமாதானம், "சோம்பலை விடு, பகவானை நினை, தெம்பு தானே வரும்" என்பது. இது எல்லோருக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதை அடியேன் சொந்த இல்லத்திலேயே, சற்றுக் காலங்கடந்து கற்றுக்கொண்டேன்.

அடியேனுடைய தர்மபத்தினி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகியவள். சில ஆண்டுகளுக்கு முன், மாலையில் பூத்தொடுக்கும்போதே அவள் கண் அயரலானாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பாடசாலையில் கற்றதைக் கொண்டு, நித்திரையும் ஆலஸ்யமும் தமோகுணத்தின் லக்ஷணங்கள் என்று அடியேன் அவளுக்கு உபதேசம் செய்தேன். அவள் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசவும் திராணியில்லை என்பது பிற்பாடே விளங்கிற்று. அரசு மருத்துவமனையில் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 12 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7 கிராமே இருந்தது. "வீட்டில் கடைசியில் சாப்பிடுவது யார்?" என்று மருத்துவர் கேட்டார். விடை தெரிந்திருந்தும் அடியேன் வாய் திறக்கவில்லை.

பிராணவாயுவை அங்கங்கள்தோறும் சுமந்து செல்வது அந்த ஹீமோகுளோபினே. அது குறைந்தால் இருதயம் இரட்டிப்பாக உழைத்தும் உடல் தளரும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உண்டு. பாரத தேசம் முழுவதற்கும் இக்கணக்கு 57. நாம் சோம்பேறிப் பட்டம் சூட்டியவர்களில் எத்தனை பேர் இவர்களோ!

பதஞ்சலி மகரிஷி சித்தத்தைக் கலைக்கும் இடையூறுகள் ஒன்பதை எண்ணுமிடத்து, வியாதியை முதலாவதாகவும் ஆலஸ்யத்தை ஐந்தாவதாகவும் தனித்தனியே வைத்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது நம்முடைய பிழை.

மகாபாரதத்தில் இதற்கு ஓர் அரிய திருஷ்டாந்தம் உண்டு. யுத்த ஆரம்பத்தில் அர்ஜுனன் வில்லை நழுவவிட்டு உட்கார்ந்தான். கண்ணபிரான் அவன் சொல்வதையெல்லாம் முழுவதும் கேட்டபின் கீதையை உபதேசித்தார். பதினான்காம் நாள், அஸ்தமனத்துக்குள் ஜயத்ரதனை வதைப்பதாக அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான்; தவறினால் தீக்குளிக்க வேண்டும். நடுவழியில் தேர்க்குதிரைகள் அம்புபட்டுக் களைத்துவிட்டன. பொழுதோ சாய்கிறது, பகைவரோ சூழ்ந்து நிற்கிறார்கள். அப்போதும் பார்த்தசாரதி சாட்டையை எடுக்கவில்லை. அர்ஜுனன் பாணத்தால் ஒரு நீர்நிலையை உண்டாக்க, பகவான் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவற்றின் மேனியில் தைத்த அம்புகளைத் தம் திருக்கையால் பிடுங்கி, நீராட்டி, தண்ணீர் காட்டி, இளைப்பாற்றியபின்னரே மீண்டும் பூட்டினார். அன்றே சபதமும் நிறைவேறியது.

கலங்கிய மனத்துக்கு உபதேசம். களைத்த குதிரைக்குத் தண்ணீர். தேரோட்டிய பெருமான் இரண்டையும் மாற்றிக் கொடுக்கவில்லை. கடோபநிஷத்து சரீரத்தைத் தேராகவும் இந்திரியங்களைக் குதிரைகளாகவும் உருவகம் செய்கிறது. நாமோ குதிரைகளுக்குக் கீதை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆகையால் சோர்வு வந்தவிடத்து முதலில் அதன் காரணத்தை விசாரிக்க வேண்டும். ஓய்வால் தீர்வது ஆயாசம். ஓய்வு கொள்ளக் கொள்ள வளர்வது ஆலஸ்யம். போதிய நித்திரைக்குப் பின்னும் வாரக்கணக்கில் தீராதது வியாதியாக இருக்கக்கூடும். இரத்தசோகை, நீரிழிவு, தைராய்டு குறைபாடு ஆகியவற்றுள் ஏதேனும் உண்டா என்று வைத்தியரிடம் காட்டித் தெளிய வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டிருந்தால் அது விஷாதம். அதற்கும் பழிச்சொல் மருந்தாகாது. காது கொடுத்துக் கேட்பவர் ஒருவரும், வேண்டுமாயின் மனநல வைத்தியரும் அவசியம். எஞ்சிய ஆலஸ்யத்துக்கு மட்டுமே முயற்சியும் நியமமும் மருந்து. உணவிலும் உறக்கத்திலும் மிகுதியும் கூடாது, குறைவும் கூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்தின் உபதேசமன்றோ? உறக்கத்தைக் குறைப்பதே தவம் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

வைத்தியர் தந்த இரும்புச்சத்து மாத்திரைகளோடு, முருங்கைக்கீரையும் கம்பும் எள்ளும் எங்கள் இல்லத்தில் இடம் பெற்றன. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். உண்டவுடன் காப்பியோ தேநீரோ அருந்தினால் தடைப்படும். நோயுற்றோருக்கு ஏகாதசி உபவாசத்திலும் சாஸ்திரம் தளர்வு தந்திருக்கிறது. நீர் பிடிப்பதும் பாத்திரம் துலக்குவதும் இப்போது அடியேன் பங்கு. இருவரும் ஒரே வேளையில் அமர்ந்து உண்கிறோம். சில மாதங்களில் அவள் முகத்தில் பழைய தெளிவு திரும்பியது. அன்று சொன்ன கடுஞ்சொல்லை மட்டும் திரும்பப் பெற இயலவில்லை.

உறக்கமே அறியாத பெருமாளுக்கும் உச்சிக்காலத்துக்குப் பின் நடை சாத்துகிறோம். இரவில் சயனம் செய்விக்கிறோம். நம் வீட்டில் ஓயாது உழைப்பவருக்கு நடை சாத்தும் நேரம் எது?

உற்சவ காலத்தில் வீதிப் புறப்பாட்டைச் சேவிக்கும் அன்பர்கள் ஸ்ரீபாதந்தாங்கிகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். எவ்வளவு வலிமை உடையவரும் ஒரே தோளில் நான்கு வீதியும் சுமப்பதில்லை. இடையே தோள் மாற்றுகிறார்கள். அடுத்தவர் வந்து தாங்குகிறார். அதனால் கைங்கர்யத்துக்குக் குறைவு உண்டோ? பெருமாள் அலுங்காமல் எழுந்தருள்வதே அதனால்தான். இல்லத்திலும் அவ்வாறே தோள் மாற்றிக்கொள்வோமாக.

சுபம்.