கரிநாளுக்கு மறுநாள்

ஆடி

ஆடியில் சேலத்துக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூழ் வாசனை. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என்று அடுத்தடுத்துப் பம்பைச் சத்தம் எழுந்துவிடும். தெருமுனையில் அண்டா. பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். சொம்பு கொண்டு வருகிறவர்களுக்குச் சொம்பில் ஊற்றுவார்கள், வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு டம்ளரில். வீட்டுக்கு ஒரு படி என்று வந்த கம்பும் கேழ்வரகும் முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்க் கஞ்சியில் கொட்டித் துடுப்பால் கிளறப்பட்டுவிட்டன. யார் வீட்டு மாவு எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

சேலத்தைச் சுற்றி மானாவாரிக் காடு. ஆடிப்பட்டத்தில் விதைத்தது வீடு வந்து சேர மாதங்கள் ஆகும். போன வருடத்துத் தானியத்தில் நல்லதை விதைக்கு எடுத்துவிட்டால் குதிரில் மிச்சம் அடித்தட்டுதான். அந்த மாதம் பார்த்துத்தான் ஊர் பொதுவில் கூழ் ஊற்றியிருக்கிறது. அம்மை, வெப்பு என்று காரணம் சொல்வார்கள். அதுவும் சரியாக இருக்கலாம். என் கண்ணில் படுவது காலிக் குதிர். பசிக்கிற மாதத்தைத் தேடிப் போய் ஒரு பண்டிகை உட்கார்ந்திருக்கிறது. நாம் கொடுக்கிற மற்ற நாட்களையெல்லாம் இதை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஐப்பசி

தீபாவளிக்கு முந்தைய வாரம் தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து மளிகைப் பை கட்டினார்கள். விதவைகள், தனியாக இருக்கும் முதியவர்கள், வேலை இல்லாத தறிக்காரர் குடும்பங்கள் என்று ஒரு பட்டியல். லீ பஜாரிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. வீடுகளிலிருந்து வந்த பைகள் தனியாக ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

அந்த மூலையைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. ஒவ்வொரு பையையும் பிரித்து, ரவைப் பொட்டலத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வண்டு ஓடுகிறதா என்று பார்த்தார். எண்ணெய்ப் பாக்கெட்டின் ஓரத்தை விரலால் தடவி மோந்தார். சேமியாவில் தேதி பார்த்தார். தேறாததை ஒன்றும் பேசாமல் பின்னால் தள்ளினார். ஒரு முறை மட்டும், "கண்ணு, நம்மூட்டுல ஆக்குவமான்னு கேட்டுக்கங்க. ஆக்குவம்னா பையில போடுங்க" என்றார்.

அரிசி மட்டும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. புளி இல்லை. வரமிளகாய் இல்லை. துவரம்பருப்பு பாதிப் பைகளுக்குக்கூட வராது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷன் கடையில் உண்டு, அளவோடு. அட்டை இருக்கிற ஏழை வீட்டில் இன்றைக்குச் சோறு வெந்துவிடும். அதன் மேல் ஊற்ற ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அன்னதானம் என்றதும் நம் கை அரிசிக்குத்தான் போகிறது. தாத்தா காலத்துப் பஞ்சம் இன்னும் நம் கையில் இருக்கிறது போலும்.

"அரிசி போதும்ங்க. புளி யாராச்சும் தருவாங்களான்னு கேளுங்க" என்று அக்கா சொன்னார். புளியைத் தானமாகக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அதனாலேயே அதற்குத் தட்டுப்பாடு.

மார்கழி

நாமக்கல் ஆஞ்சநேயர் மேலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் 18 அடி உயரத்துக்கு நிற்கிறார். மார்கழி அமாவாசையை ஒட்டி அனுமன் ஜயந்தி. அன்றைக்கு அவருக்கு 1,00,008 வடைகளில் மாலை. நாட்கணக்கில் முன்னாலேயே சுடத் தொடங்கிவிடுவார்கள். மாலைக்கான வடையில் வெங்காயம் சேராது. உளுந்தைத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, மிளகு போட்டு, மெல்லிசாகத் தட்டி, ஈரம் போகும்வரை எண்ணெயில் விட்டு எடுப்பார்கள். அதனால் அது கெடாது. மாலையை அவிழ்த்துப் பிரசாதமாகக் கொடுத்தபின் ஊருக்கு எடுத்துப் போய்ச் சில நாள் கழித்தும் சாப்பிடலாம். வரப்போகிற நாளையும் மனதில் வைத்துச் செய்த பண்டம் அது. சாம்பார் சாதம் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். பண்டிகை அன்று மூன்று இடத்திலிருந்து ஒரே வீட்டுக்கு வரும் சாம்பார் சாதத்தில் இரண்டு வீண்.

இதே ஊரின் கோழிப் பண்ணைகளிலிருந்துதான் பள்ளிக்கூடச் சத்துணவுக்கு முட்டை போகிறது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய திட்டத்தில், 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பிறகு அது பள்ளி நாள்தோறும் என்று ஆனது. 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் உண்டு. கொடுப்பவர் பெயரைக் கேட்காமல் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். கையேந்த வேண்டியதில்லை, தட்டை நீட்டினால் போதும்.

ஆனால் மார்கழி நடுவில் அரையாண்டு விடுமுறை. பள்ளி அடுப்பு அணைந்துவிடும். பண்டிகைக் காலம் என்று நாம் குதூகலிக்கிற அதே நாட்கள்தான் ஒரு குழந்தைக்குக் காலை உப்புமாவும் மதிய முட்டையும் நின்றுபோகிற நாட்கள். செங்கல் சூளையிலும் பண்ணையிலும் வேலைக்குப் போகிற அம்மா விடிவதற்கு முன் கிளம்பிவிடுகிறாள். விடுமுறை என்ற சொல் அந்த வீட்டில் என்ன சத்தம் போடும் என்று நாம் கேட்டுப் பார்த்ததில்லை.

தை

தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் போகும் சாலைகளில் யாரும் பட்டினி கிடக்க முடியாது. சுக்குக் காபி, மோர், தக்காளி சாதம், கடலை மிட்டாய், கால் வலிக்குத் தைலம். எடப்பாடியிலிருந்து போகும் பருவதராஜகுலத்தார் காவடிக் கூட்டம் பெரியது. பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய் எல்லாம் சேர்த்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தாங்களே பிசைந்து, சாமிக்குப் படைத்து, ஊருக்கும் கொண்டுவருகிறார்கள். பழத்தை உரிப்பவர், பிசைபவர், பகிர்பவர் என்று எல்லாரும் அந்தக் கூட்டத்து ஆட்களே. இங்கே கொடுப்பவர் ஒரு பக்கம், வேலை செய்பவர் ஒரு பக்கம் என்ற பிரிவு இல்லை.

நாமக்கல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறைக் கதவில் மாதக் காலண்டர் தாள் ஒன்று தொங்குகிறது. சாப்பாடு தருகிறவர்கள் பெயரைத் தேதிக்கு எதிரே எழுதிவைப்பார்கள். தை முதல் தேதியில் எழுத இடமில்லாமல் பெயர்கள் ஓரத்துக்கு ஏறியிருந்தன. மாட்டுப் பொங்கல், கரிநாள் வரைக்கும் அப்படித்தான். அதன்பிறகு கட்டங்கள் வெள்ளையாக இருந்தன.

பார்த்துக்கொள்ளும் அம்மா சிரித்தபடி சொன்னார்: "பொங்கலன்னைக்கு நாலு பக்கமிருந்து சக்கரைப் பொங்கல் வருதுங்க. இங்க முக்காவாசிப் பேருக்குச் சக்கர வியாதி. வேண்டாம்னு சொன்னா மனசு நோவும்னு வாங்கி வெச்சுக்கறமுங்க. கரிநாளுக்கு மறுநாள் யாரும் வர்றதில்லைங்க. அன்னைக்கு ரசம்தான்."

கோயில்களில் கட்டளை என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. முதலைக் கட்டிவைத்தால் வட்டியில் குறிப்பிட்ட நாளில் பூசையோ அன்னதானமோ நடக்கும். 2002-இல் 63 கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கியபோதும் பொதுமக்கள் நன்கொடையை முதலாக வைக்கும் வழி அதில் சேர்ந்தது. பிறந்த நாள், கல்யாண நாள், அப்பாவின் திதி. நாள் கொடுப்பவருடையது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நினைவு இல்லாமல் யாருக்கும் கை நீளாது. சாப்பிடுகிறவருக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது என்பது மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது.

மாசி

இங்கே மாசி வெயில் ஏறத் தொடங்கும் மாதம். 1877-இல் இதே நாட்களில் சேலம் ஜில்லா தாது வருடப் பஞ்சத்தில் கிடந்தது. முந்தைய ஐப்பசி மழை பொய்த்திருந்தது. பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், மண் சுமந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது காணாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துக் கூலி கொஞ்சம் ஏறியது.

சென்னையில் பெரிய மனிதர்கள் கூடி லண்டன் மேயருக்கு உதவி கேட்டு வேண்டுகோள் விடுத்தது 1877 ஆகஸ்டில். பணம் திரண்டது, கொடுத்தவர்களில் கூலித் தொழிலாளிகளும் இருந்தார்கள். நல்ல மனதுதான். ஆனால் மழை பொய்த்து மாதங்கள் ஓடியிருந்தன. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய அன்றைய சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர். 1881-இல் 16 லட்சம். செத்தவர்கள் போக, ஊரை விட்டுப் போனவர்களும் அதில் உண்டு. இரக்கம் குறைந்ததால் மட்டும் மனிதர்கள் சாகவில்லை. இரக்கம் வந்து சேர்ந்த தேதியாலும் செத்தார்கள்.

வைகாசி

அந்த மழை பொய்ப்பதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1867 மே 23-ஆம் தேதி, வைகாசி 11, வடலூரில் வள்ளலார் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். நிலத்தை அந்த ஊர்க்காரர்களே கொடுத்திருந்தார்கள். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தைப்பூசத்துக்குக் கூட்டம் அலைமோதும். ஆனால் அந்தச் சாலையின் பெருமை தைப்பூசத்தில் இல்லை. விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு புதன்கிழமை மதியத்திலும் அங்கே உலை கொதிக்கிறது. இன்றைக்கு வருகிறவனிடம் "நேற்று ஏன் வரவில்லை, நாளை வா" என்று சொல்ல வேண்டாத ஏற்பாடு அது.

அப்படி ஒன்றை நடத்துகிற வலு நம்மில் எல்லாருக்கும் இல்லை. வைகாசியில் பள்ளிகள் இன்னும் மூடிக் கிடக்கின்றன, இல்லங்களின் தாளில் வெள்ளைக் கட்டங்கள் அதிகம். நம்மால் முடிந்தது இரண்டு கேள்விகள்தான். போன் செய்யும்போது "பொங்கலுக்கு என்ன கொண்டு வரட்டும்" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த நாள் காலியா இருக்குங்க? என்ன இல்லைங்க?" என்று கேட்கலாம். பதிலில் புளி வரலாம், கேஸ் சிலிண்டர் வரலாம், பாத்திரம் கழுவ ஆள் வரலாம். வந்ததைச் செய்ய வேண்டும்.

அப்பாவின் திதியை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். அன்றைக்கு இலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக்கான பணத்தை இல்லத்தில் கட்டிவிடலாம். எந்த நாளில் உலை வைப்பது என்பதை அந்த அம்மா எழுதிக்கொள்ளட்டும். கட்டத்தில் அப்பா பெயர் வேறு தேதியில் இருக்கும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.