கைமாறாத பொறுப்பு

கப்பலேறிய பண்டமொன்று வழியில் அழிந்துபோனால் அந்நட்டம் யாரைச் சாரும்? விற்றவனையா, வாங்கியவனையா? வணிக உலகம் இவ்வினாவுக்குத் திட்டமான விடை வைத்திருக்கிறது. பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936ஆம் ஆண்டில் வகுத்து, பின்னர் பலமுறை திருத்திய விதிகளில் அது உண்டு. 'எப்.ஓ.பி.' என்னும் நிபந்தனைக்கு நெடுங்காலம் கப்பலின் விளிம்பே எல்லைக்கோடு. பாரந்தூக்கியில் தொங்கும் மூடை அவ்விளிம்பைக் கடக்குமுன் வீழ்ந்தால் நட்டம் விற்றவனுக்கு. கடந்தபின் வீழ்ந்தால் வாங்கியவனுக்கு. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கோட்டை நீக்கி, பண்டம் கப்பலில் வைக்கப்படும் கணத்தையே எல்லையாக்கிற்று.

இவ்வொழுங்கை நாம் பழிக்கவில்லை. முகமறியாத இருவர் கடல்கடந்து வாணிபஞ் செய்வதற்கு அது வேண்டியதே. ஆயின், அவ்வொப்பந்தத்திலே பேசப்படாத மூன்றாமவன் ஒருவன் கரையில் நிற்கிறான். அவன் எதையும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை.

2021 மே 20ஆந் திகதி கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலனொன்று முன்னரே கசியத் தொடங்கியிருந்தது. கட்டாரின் ஹமாட்டிலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதனை இறக்க முயன்றும் இயலவில்லை. கசிவுடனேயே கப்பல் நம் கடலுக்கு வந்தது. ஜூன் 2ஆந் திகதி மூழ்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் குவிந்தன. கடற்றொழிலாளர் கடலுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. பண்டத்துக்குரியவனின் நட்டத்துக்குக் காப்புறுதி உண்டு. வலையை மடித்துவைத்த மனிதனின் நட்டம் எந்த நிபந்தனையில் அடங்கும்?

2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பலுக்குரியோருக்குக் கட்டளையிட்டது. கப்பல் நிறுவனமோ அதைச் செலுத்த மறுத்து, பொறுப்புக்கு வரம்பு உண்டென்பதே கடல் வாணிபத்தின் அடிப்படை என வாதித்தது.

வரம்பு வகுத்தவர் யார்? இலாபத்துக்கு வரம்பு வகுக்காதவர்களே அன்றோ! நட்டத்தை ஒருவர் மற்றொருவருக்குக் கைமாற்றலாம், அது கணக்கு. தீங்கு நேருமென அறிந்தும் சுமந்து செல்லும் செயலின் பொறுப்பு அவ்வாறு கைமாறுவதன்று. கசிவை அறிந்தும் வழிவிட்ட ஒவ்வொரு கையிலும் அது முழுமையாகவே தங்குகிறது. அம்மணிகள் போன்றவற்றை உருக்கி வார்த்த வாளியை மலிவென்று வாங்கும் நாமும், அது வந்த வழியைக் கேளாதிருக்கும்வரை, கரையில் நிற்பவனுக்குக் கடன்பட்டவர்களே.