யாருக்குப் பிராயச்சித்தம்?

கடல் தாண்டினால் தீட்டு என்றது சாஸ்திரம். யார் தாண்டினால், எதற்காகத் தாண்டினால் என்று கேட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

வங்கக் கவிஞர் துவிஜேந்திரலால் ராய் 1884ல் சர்க்கார் உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். கவிதை படிக்க அல்ல, விவசாயம் படிக்க. சைரன்செஸ்டர் விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு 1886ல் திரும்பியவரைப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார்கள். மறுத்தார். ஒதுக்கி வைத்தார்கள். 1889ல் அந்த ஒதுக்கலையே கிண்டல் செய்து புத்தகம் போட்டார். நல்ல மனுஷன்தான், பின்னால் அதிகாரியாக இருந்தபோது நிலவரி விஷயத்தில் குடியானவர்கள் பக்கம் நின்று மேலிடத்தோடு மோதியவர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திவான் வீட்டுப் பிள்ளையான அவருக்குப் பிராயச்சித்தம் என்று ஒரு கதவு இருந்தது. குனிந்தால் உள்ளே போகலாம்.

அதே காலத்தில் இன்னொரு கூட்டமும் விவசாயத்துக்காகவே கடல் தாண்டியது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியது, கரும்புத் தோட்டத்துக்கு. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர். கப்பல் பட்டியலில் பெயர், அப்பன் பெயர், வயசு, சாதி, ஊர் என்று எல்லாம் எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். இலங்கைக்குக் காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம் என்று போன சனத்தில் எங்க புதுக்கோட்டை, திருச்சிச் சீமைக்காரர்கள் எவ்வளவோ பேர். சேரியிலிருந்து போனவர்களை யாராவது கூப்பிட்டுப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார்களா? ஏற்கனவே தீட்டானவனுக்குக் கடல் என்ன புதுசாத் தீட்டைக் கொடுத்துவிடும்!

காட்டை அழித்து மலையில் தேயிலை நட்ட அந்தக் கைகளுக்குத் தெரிந்தது விவசாயம் இல்லையா? அது 'கூலி'யாம். சைரன்செஸ்டரில் படித்தால் 'விவசாயம்'. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சாகுபடியாளர் ஒரு பத்தி, விவசாயத் தொழிலாளர் வேறு பத்தி. நாற்பது வருஷம் நாத்து நட்ட எங்க அம்மா ரெண்டாவது பத்தி.

விராலிமலைப் பக்கம் எங்க சேரித் தம்பி ஒருத்தன் வேளாண்மை படித்து, மாணவர் பரிமாற்றத்தில் சில மாசம் அமெரிக்காவில் ஒரு பண்ணையில் இருந்துவிட்டு வந்தான். "அண்ணே, பண்ணைக்காரரு ஒரே மேசையில உக்கார வச்சு சோறு போட்டாருண்ணே" என்றான். இருபத்தோரு வயசுப் பையன் இதை அதிசயமாகச் சொல்லும்படி வைத்திருக்கிறதே இந்த ஊர் என்று எனக்கு வயிறு எரிந்தது. "பழம் பறிச்சது யாருடா?" என்று கேட்டேன். "மெக்சிகோக்காரங்க" என்றவன், கொஞ்சம் கழித்து, "அவங்க தனியாத்தான் சாப்புட்டாங்கண்ணே" என்றான்.

அதற்காக அவனுக்குக் கிடைத்த மரியாதை பொய் என்று நான் சொல்லமாட்டேன். விருந்தாளி மரியாதைதான், ஆனாலும் ஒருதரம் ருசி பார்த்தவனுக்கு இங்கே இருக்கிறது இயற்கை இல்லை என்று தெரிந்துபோகிறது. 1913ல் நியூயார்க் போன அம்பேத்கர், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே அந்த வெளிநாட்டு வருஷங்கள் துடைத்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். 1917ல் வேலைக்காகப் பரோடாவில் வந்து இறங்கியதும் எங்கே தங்குவது என்ற கேள்வியோடு அந்த நினைப்பு திரும்பி வந்தது. பார்சி விடுதியில் பதினொரு நாள். அப்புறம் தடியோடு வந்து நின்றார்கள். ராய்க்கு இருந்த கதவு இவருக்கு இல்லை. எதைச் செய்தால் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லக்கூட அங்கே ஆள் கிடையாது. அடுத்த வருஷமே, 1918ல், இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றிக் கட்டுரை எழுதினார்: துண்டு நிலங்களை ஒட்டவைத்தால் மட்டும் தீராது, நிலத்தையே நம்பிக் கிடக்கிற உபரி ஆட்களுக்குத் தொழில் வேண்டும் என்று. இரவு தங்க இடம் கிடைக்காதவர் எழுதிய நிலக் கட்டுரை அது. வேளாண் கல்லூரிகளில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்?

தம்பி இப்போது மேல்படிப்புக்கு மறுபடி வெளிநாடு போகப் பார்க்கிறான். தலித்துகளுக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை ஒன்று உண்டு. 2022ல் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இனிப் பணம் இல்லை என்றார்கள். மண்ணின் கார அமிலம் பார்க்கப் போகலாம். அந்த மண் யார் பட்டாவில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று ஆராயப் போனால் கைக்காசு.

தம்பி மண் அறிவியலுக்குத்தான் போட்டிருக்கிறான். எங்க தெருவில் நிலப் பட்டா உள்ளது மூன்று வீட்டுக்கு.