அக்டோபரில் குறைத்த இலக்கு

ஆண்டுக் கடைசி நெருங்கும்போது வேலை இடங்களில் ஒரு கேள்வி தலைதூக்கும். ஜனவரியில் போட்ட இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வாரம்தான் பாக்கி. இந்த நேரத்தில் இலக்கைக் குறைப்பது நியாயமா? இல்லை, சொன்ன சொல்லை மாற்றுவதா?

இந்தக் கேள்விக்கு நான் தவறு செய்துதான் பதில் தேடிக்கொண்டேன். அதை உங்களிடம் சொல்கிறேன்.

கிள்ளான் பக்கம் ஒரு விநியோக நிறுவனத்தில் விற்பனைக் குழுவுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். பிஸ்கட், முறுக்கு, குளிர்பானம் என்று கடைகளுக்குச் சரக்குப் போடும் வேலை. குழுவில் ஆறு பேர். ஆளுக்கு ஒரு வட்டாரம், ஆளுக்கு ஓர் ஆண்டு இலக்கு. எட்டினால் போனஸ்.

அந்த வருடம் அக்டோபர் நடுவில் பாஸ் கூப்பிட்டார். "இப்படியே போனா அஞ்சு பேருக்குப் போனஸ் கிடையாது. புது வருஷம் பிறந்ததும் லெட்டர் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. டார்கெட்டைப் பதினஞ்சு சதவீதம் குறைச்சிடு" என்றார். எனக்குச் சந்தோஷம். தீபாவளி நேரத்தில் நல்ல செய்தியாச்சே! கூட்டத்தில் அறிவித்தேன். கைதட்டினார்கள். இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை.

ஒருத்தி குழுவிலேயே இளையவள். செப்டம்பரிலேயே முழு ஆண்டு இலக்கையும் முடித்துவிட்டவள். கூட்டம் முடிந்ததும் வந்து கேட்டாள்: "அண்ணே, மத்தவங்களுக்குக் குறைச்சதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா நான் சனிக்கிழமைகூட லீவு எடுக்காம ஓடினேனே, அது இப்ப எந்தக் கணக்குல வருது?"

என்னிடம் பதில் இல்லை.

இன்னொருவர் குழுவில் மூத்த அண்ணன். அவர் வட்டாரத்தில் இருந்த பெரிய பேரங்காடி ஒன்று மார்ச் மாதம் மூடப்பட்டது. அவருடைய விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான். ஏப்ரலிலேயே என்னிடம் வந்து, "தம்பி, இந்த வருஷம் இது ஆகாது. நீங்களே பாருங்க" என்று கணக்குத் தாளை நீட்டினார். பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே தெரிந்தது. ஆனாலும், "முயற்சி பண்ணுங்கண்ணே, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேலே போய்ச் சொல்லப் பயம். 'ஆள் சரியில்லை' என்று என்னைத்தானே நினைப்பார்கள்?

ஆறு மாதம் அவர் அந்த முடியாத எண்ணைத் துரத்தினார். எப்படித் துரத்தினார் என்பது ஜனவரியில்தான் தெரியவந்தது. பழகிய மளிகைக் கடைக்காரர்களிடம் கெஞ்சி, இரண்டு மாதச் சரக்கை ஒரே நேரத்தில் இறக்கியிருக்கிறார். எங்கள் தாளில் அது விற்பனை. கடைக்காரருக்கோ அது முடங்கிப்போன காசு. வயதான ஒரு கடைக்காரர், தேதி முடிந்த பெட்டிகளைக் கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்ததை நானே போய்ப் பார்த்தேன். "பாவம், அவரு கேட்டாரேன்னு எடுத்தேன்பா" என்றார். ஏப்ரலில் நான் பயந்ததற்கு விலை கொடுத்தவர் அவர்.

இது சின்ன நிறுவனத்தில் மட்டும் நடக்கும் கதை என்று நினைக்காதீர்கள். ஜப்பானின் தோஷிபா உலகம் அறிந்த நிறுவனம். அங்கே 2008 முதல் 2014 வரையிலான நிதியாண்டுகளில் 150 பில்லியன் யென்னுக்கும் மேல் இலாபம் கூட்டிக் காட்டப்பட்டதை ஒரு சுயேச்சை விசாரணைக் குழு 2015 ஜூலையில் வெளிப்படுத்தியது. அங்கே இலக்கு கடைசி நேரத்தில் குறையவில்லை, ஏறியது. மேலிடம் அதற்கு வைத்த பெயர் 'சவால்'. 2012 செப்டம்பர் கடைசியில், கணக்கு முடிய மூன்று நாள் இருக்கும்போது, கணினிப் பிரிவிடம் 12 பில்லியன் யென் அளவுக்கு இலாபத்தைக் கூட்டச் சொன்னார்கள். மூன்று நாளில் அவ்வளவு பணத்தை உழைத்துச் சம்பாதிக்க முடியுமா? தாளில்தான் சம்பாதிக்க முடியும். கணினி செய்து தரும் ஒப்பந்த நிறுவனங்களின் தலையில் தேவைக்கு மேல் உதிரிப் பாகங்களைக் கட்டி, காலாண்டுக் கடைசியில் இலாபம் காட்டியிருந்தார்கள். அப்போதைய தலைவரும், அவருக்கு முன் தலைவர்களாக இருந்த இருவரும் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். இதைப் படித்தபோது அந்த மளிகைக் கடைப் பெட்டிகள்தான் என் கண்முன் வந்தன.

அப்படியென்றால் இலக்கை மாற்றவே கூடாதா? "சொன்னா சொன்னதுதான்" என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நம் நாட்டில் தொடங்கியபோது, ஜனவரியில் போட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் என்ன நேர்மை இருந்தது? இன்னும் வராத ஒரு வருடத்தைப் பற்றி நாம் போடும் கணிப்புதான் இலக்கு. கணிப்பு தவறலாம்.

ஆனால் அறிவித்த பிறகு அது வெறும் கணிப்பாக நிற்பதில்லை. அதை நம்பி ஒருவர் சனிக்கிழமையை விடுகிறார், இன்னொருவர் காருக்கு லோன் போடுகிறார். அங்கே அது வாக்குறுதி ஆகிவிடுகிறது. ஆகவே மாற்றுகிற தலைவருக்கு மூன்று கடன்கள் இருக்கின்றன. தெரிந்த உடனே சொல்ல வேண்டும். காரணத்தை, தன் தவறையும் சேர்த்து, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய இலக்கை நம்பி அதை எட்டியவரை மறக்கக் கூடாது. நான் மூன்றிலும் தவறினேன்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தவை. ஏப்ரலில் எனக்கு எங்கள் வலியும் தெரிந்தது, இடமும் தெரிந்தது. காலத்தைத்தான் கைவிட்டேன். ஏப்ரலில் சொல்லியிருந்தால் அது உண்மை. அக்டோபரில் சொன்னபோது அது சலுகையாகிவிட்டது. சலுகை கொடுக்கிறவன் நல்லவனாகத் தெரிவான். அதனால்தான் தலைவர்களுக்கு அக்டோபர் பிடித்திருக்கிறதோ என்னவோ.

தேதி முடிந்த பெட்டிகளை நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டோம். இளையவளுக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்கச் சொல்லி பாஸிடம் நின்றேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. மார்ச்சில் அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். குறைத்த இலக்கின்படி எனக்கும் போனஸ் வந்தது. வாங்கிக்கொண்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறேன். காலாண்டுக்கு ஒருமுறை ஆறேழு பேரும் உட்கார்ந்து இலக்கைப் பார்க்கிறோம். மாற்ற வேண்டியிருந்தால் பழைய எண்ணை அழிப்பதில்லை. பலகையில் அது அப்படியே இருக்கும். பக்கத்தில் புது எண், அதன் கீழே காரணம். பழைய எண்ணை எட்டியவருக்குப் பழைய கணக்குப்படியே மரியாதை, அதற்கு மேலும் கொஞ்சம்.

உங்களில் பலர் இன்று இலக்கைத் துரத்துகிறவர்கள். நாளைக்கு இலக்குப் போடும் நாற்காலியில் உட்காருவீர்கள். அப்போது ஏப்ரல் மாதத்தில் ஒரு மூத்த அண்ணன் உங்கள் முன்னால் ஒரு தாளை நீட்டுவார். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.