தந்தைமையும் வாய்மையும்: டாரதி சேயர்ஸின் துப்பறியும் நாவல்கள் எழுப்பும் அறக்கேள்வி

பிள்ளைகளைக் காக்க வேண்டிய கடமை ஒரு தந்தையின் பொய்யை நியாயப்படுத்துமா என்பது, குடும்பப் பற்றுக்கும் வாய்மைக்கும் இடையிலான பழைய வழக்கின் ஒரு கிளையாகும். கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பில், ஆடு திருடிய தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகனை ஒரு சிற்றரசன் மெச்சும்போது, தந்தையும் மகனும் ஒருவர் குற்றத்தை ஒருவர் மறைத்துக் காப்பதில்தான் நேர்மை இருக்கிறது என்று ஆசான் மறுக்கிறார். பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’வில், தந்தை மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்த மகனிடம், இறைப்பற்று என்பதன் பொருள் உனக்கு உண்மையிலேயே தெரியுமா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். ஆங்கில எழுத்தாளரும் கிறித்தவச் சிந்தனையாளருமான டாரதி எல். சேயர்ஸ் (1893–1957) இவ்வழக்கை, காதலும் கொலைத் துப்பும் பின்னிய ஒரு நாவல் வரிசைக்குள் கொண்டுவந்தார் என்பது வியப்புக்குரியது. அதைவிட வியப்புக்குரியது, அங்கே அவ்வழக்கு தத்துவ நூல்களில் காணாத ஒரு வலியோடு நடத்தப்படுகிறது என்பதாகும்.

1930இல் வெளிவந்த ‘ஸ்ட்ராங் பாய்சன்’ நாவலில், கொலைப்பழி சுமந்து கூண்டில் நிற்கும் ஹாரியட் வேன் என்னும் பெண் எழுத்தாளரைத் தூக்கிலிருந்து மீட்கும் துப்பறிவாளர் பீட்டர் விம்சி பிரபு அவரைக் காதலிக்கிறார். ஆனால் உயிரைக் கடனாகப் பெற்றவள் கடன் கொடுத்தவனைச் சமநிலையில் நின்று மணக்க இயலாது என்பதால், அத்திருமணத்துக்கு ஹாரியட் இசைவது ‘காடி நைட்’ (1935) நாவலின் இறுதிவரை தள்ளிப்போகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கற்பனைப் பெண்கள் கல்லூரியில் நடக்கும் அந்த நாவலில் கொலையே இல்லை. வசை மடல்களும் கிழிக்கப்பட்ட கையெழுத்துப் படிகளுமாகக் கல்லூரியை அலைக்கழிப்பவர், அங்கே பணிப்பெண்ணாக இருக்கும் ஆனி என்னும் கைம்பெண் என்பது முடிவில் தெரியவருகிறது. தம் ஆய்வுமுடிவைப் பொய்யாக்கும் ஒரு பழைய ஆவணத்தை ஒளித்துவைத்த அவருடைய கணவரை மிஸ் டி வைன் என்னும் பேராசிரியை வெளிப்படுத்த, அந்தக் கணவர் பட்டத்தையும் வாழ்வாதாரத்தையும் இழந்து, மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் விட்டுத் தற்கொலை செய்துகொண்டார். ஒரு காகிதத் துண்டுக்காக ஒரு குடும்பத்தின் தலைவனைக் கொன்றுவிட்டீர்கள் என்பதே ஆனியின் குற்றச்சாட்டு.

ஆனியைப் பைத்தியக்காரி என்று ஒதுக்கிவிட்டுக் கதையை முடிப்பது எளிதாக இருந்திருக்கும். சேயர்ஸ் அப்படிச் செய்யாததில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது. மறைப்பை அம்பலப்படுத்தியது தவறில்லை என்பதில் நாவல் சிறிதும் தளரவில்லை, ஏனெனில் ஒரு தந்தை தன் பிள்ளைகளுக்காகச் சொல்லும் பொய்யை அறிவுலகம் ஒருமுறை ஏற்றுவிட்டால், பிள்ளையுள்ள எவருடைய சொல்லையும் அதன்பின் நம்ப முடியாது. ஆயினும் மிஸ் டி வைன் தம்மையும் விடுவித்துக்கொள்ளவில்லை: செய்த செயலுக்காக அன்று, அதன்பின் அந்த மனிதர் என்ன ஆனார் என்று விசாரியாமல் இருந்ததற்காகவே அவர் தம்மை நொந்துகொள்கிறார். உண்மையைச் சொல்லும் கடமை சொன்னதோடு தீர்வதில்லை, அதனால் தந்தையற்றுப்போன குழந்தைகள் இனி உண்மை சொன்னவரின் பொறுப்பும் ஆவார்கள் என்ற இந்த எண்ணம், கன்பூசியஸிடமும் சாக்ரடீஸிடமும் கிடைக்காத ஒன்று.

இதே எண்ணம் ‘பஸ்மன்ஸ் ஹனிமூன்’ (1937) நாவலில் துப்பறிவாளர் மீதே திரும்புகிறது. தேனிலவு வீட்டில் நேர்ந்த கொலையைத் துலக்கும் விம்சி, கொலையாளியான ஃபிராங்க் கிரட்ச்லிக்கு எதிர்வாதம் செய்ய வழக்குரைஞரையும் தாமே ஏற்பாடு செய்கிறார். கிரட்ச்லியால் கருவுற்ற பாலி மேசன் என்னும் பெண் ஒருத்தி அவ்வூரில் இருக்கிறாள். ஆகவே விம்சியின் அறிவுக்கூர்மை ஒரு கொலைகாரனைத் தூக்குக்கு அனுப்பும்போது, பிறவாத ஒரு குழந்தையின் தந்தையையும் சேர்த்தே அனுப்புகிறது. முதல் உலகப்போரில் மனம் சிதைந்து மீண்டவரான அவர், தூக்கு நிறைவேறும் காலை எட்டு மணிக்கு ஹாரியட்டின் மடியில் அழுகிறார். துப்பறியும் கதை வாசகருக்கு வழக்கமாகக் கொடுக்கும் நிம்மதியை இந்த இறுதிக் காட்சி மறுக்கிறது.

சேயர்ஸின் சொந்த வாழ்வை இங்கே மறைப்பது சரியன்று, அதை மட்டுமே திறவுகோலாக்குவதும் சரியன்று. ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவின் ஒரே மகளான அவருக்கு 1924இல் திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் பிறந்தான். பெற்றோர் கடைசிவரை அறியாதபடி, அக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பை உறவினர் ஒருவரிடம் கொடுத்து, செலவைத் தாமே ஏற்றார். குடும்பத்துக்காக உண்மையை ஒளித்த ஒருவரே, குடும்பத்துக்காகவும் உண்மையை ஒளிக்கலாகாது என்று எழுதினார் என்பதைப் போலித்தனம் என்று கொள்வதற்கில்லை. அந்த ஒளிப்பின் விலையை அறிந்தவரின் எழுத்து அது.

1941இல் வெளியிட்ட ‘தி மைண்ட் ஆஃப் தி மேக்கர்’ நூலில் அவர், தந்தை, மகன், தூய ஆவி என்ற கிறித்தவ மூவொருமைக் கோட்பாட்டை (ஒரே கடவுள் மூன்று ஆள்களாக இருக்கிறார் என்னும் கொள்கையை) எழுத்தாளரின் மனத்தில் எழும் எண்ணம், அதைச் செயலாக்கும் ஆற்றல், வாசகரிடம் விளையும் வலிமை ஆகியவற்றோடு ஒப்பிடுகிறார். படைத்தவர் என்ற உரிமையில் பாத்திரத்தின் இயல்பை வளைக்கலாகாது என்பது அங்கே அவர் வலியுறுத்தும் நெறி. ஆழ்ந்த கிறித்தவரான அவரே, விம்சி கிறித்தவ நம்பிக்கைக்கு வருவது நடவாத காரியம் என்று அந்நூலில் எழுதினார். பெற்றதனால் உடைமையாகிவிடாத ஒன்றே பிள்ளை என்னும் கருத்து அவருடைய இறையியலுக்கும் கதைக்கலைக்கும் பொதுவானது.

1942இல் எழுதப்பட்டு 1972இல்தான் அச்சேறிய ‘டால்பாய்ஸ்’ என்னும் சிறுகதையில் விம்சி மூன்று ஆண்பிள்ளைகளின் தந்தை. மூத்தவனான பிரெடன் அண்டைவீட்டு மரத்தில் இரண்டு பீச் பழங்களைத் திருடி, ஒப்புக்கொண்டு, தந்தை கையால் அடியும் வாங்குகிறான். பிறகு மரத்திலிருந்த பழங்கள் எல்லாமே களவுபோக, குழந்தை வளர்ப்புக் கொள்கைகளில் தேர்ந்த விருந்தாளியான மிஸ் குவெர்க் அவன் மீதே பழி சாட்டுகிறார். பிள்ளையை அடிப்பது இன்றைய வாசகருக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் முந்திய களவுக்கான தண்டனை தீர்ந்ததும் அக்கணக்கு முடிந்தது என்று கொள்ளும் விம்சி, அதைப் பிந்திய களவுக்குச் சான்றாக ஏற்க மறுத்து, ஆறு வயது மகனின் பெயரைக் காக்க, கொலை வழக்குக்குச் செலவிடும் அதே கவனத்தோடு தோட்டத்து மண்ணில் தடம் தேடப் புறப்படுகிறார்.