படத்தில் ஒன்றுமில்லை

கை உடைந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே எடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருந்த அந்தப் பத்து நிமிஷமும் என் பிரக்ஞையில் வேறெதுவும் இல்லை.

மழை ஈரத்தில் ஸ்கூட்டர் சறுக்கியபோது வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். இரவு ஒன்பதரைக்குத் திறந்திருந்தது ஒரு எலும்பு முறிவு கிளினிக். கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு குழி விழுமே, பொடி போடுகிறவர்கள் பொடி வைத்துக்கொள்ளும் இடம், அங்கே டாக்டர் அழுத்தினார். கத்திவிட்டேன். "படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார். என் கத்தல் அவருக்குப் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ராண்ட்ஜன் 1895 டிசம்பரில் தன் மனைவியின் கையை எடுத்த படம் பிரசித்தம். எலும்புகள், ஒரு விரலில் மோதிரம். அது அவள் கை என்பதற்குப் படத்துக்குள் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த மோதிரம்தான். தாமஸ் மன்னின் 'மாய மலை' (1924) நாவலில் ஹான்ஸ் காஸ்டார்ப், தான் விரும்பும் பெண்ணின் எக்ஸ்ரே படத்தைக் காதல் சின்னமாகப் பாதுகாக்கிறான். அதில் முகம் இல்லை. (மன் செய்வது கேலியா இல்லையா என்பது தனி விவகாரம்.) உள்ளே பார்த்துவிட்டோம் என்ற திருப்தியில் ஆளைத் தவறவிடும் சாத்தியம் இந்தக் கருவியோடேயே பிறந்துவிட்டது.

டாக்டர் திரையைப் பார்த்தார். "படத்துல ஒண்ணுமில்லை."

அதுவரை எனக்கு வலித்தது. அந்த வினாடியிலிருந்து, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பவனாகிவிட்டேன். ஒரு மயிரிழைக் கீறலாவது தென்படாதா என்று திரையில் குனிந்து தேடினேன். மானேஜரின் முகம் ஞாபகம் வந்தது. லீவுக்கு வேண்டியது வலியல்ல, ருசு.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. கவுண்டருக்குள் உட்கார்ந்து ருசு கேட்பதுதான் என் ஜீவனம். நவம்பர் மாதத்தில் பென்ஷன்காரர்கள், தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டும். ஒரு வருஷம் குடும்ப பென்ஷன் வாங்கும் ஒரு அம்மாள் வந்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். மெஷினில் ரேகை விழவில்லை. ஐந்தாறு தடவை புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தாள். என்னோடு பேசிக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கினாள், வெயிலைப் பற்றிச் சொன்னாள். "ரேகை விழலைம்மா, நாளைக்கு வாங்க" என்றேன். செத்தவர் பேரில் பென்ஷன் வாங்கித் தின்றவர்கள் உண்டு; விதி வேண்டாம் என்பதல்ல என் வாதம். காகிதப் படிவம் ஒன்று இருந்தது. ஆபீசரிடம் கூட்டிப்போயிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். வரிசை நீளமாக இருந்தது. மறுநாள் நான் லீவு. அவள் வந்தாளா என்று விசாரிக்கவும் இல்லை.

நம்புவதற்காகத்தான் ருசு கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்குச் சந்தேகம். எழுந்து போகாமல் இருப்பதற்கும் அது கேட்கப்படுகிறது. அந்த அம்மாள் உயிரோடிருப்பதை நான் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லையே.

டாக்டர் பேசி முடித்திருக்கவில்லை. அந்தக் குழிக்கு அடியில் படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, ஸ்கேபாய்ட் என்று பெயர். அதில் விழும் கீறல் முதல் சில நாட்களில் பல சமயம் படத்தில் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால், ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால், ஒரு பகுதி செத்தே போகலாம். "அழுத்தினா அங்க வலிக்குதே, அது போதும். மாவுக்கட்டு போட்டுடறேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுப்போம்" என்றார்.

கருணை ஒன்றுமில்லை அவர் குரலில். சாப்பிடப் போகும் அவசரம்தான் இருந்தது. தன் கருவி எதுவரை பார்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. ரேகை மெஷின் எதுவரை பார்க்கும் என்று எனக்கும் தெரியும்.

இதை இடது கையால் எழுதுகிறேன். அடுத்த படம் வியாழக்கிழமை. கீறல் தெரிய வேண்டும் என்று இப்போதும் விரும்புகிறேனா என்று கேட்டுக்கொண்டால், இல்லையென்று சொல்ல வரவில்லை.