படத்தில் இல்லாத குழந்தை

லாச்சப்பல் கடைகளில் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதாவது ஒரு குழந்தையின் படம் ஒட்டியிருக்கும். இருதயத்தில் ஓட்டை, சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு தேவை, கீழே ஒரு தொலைபேசி இலக்கம். கோப்பை கழுவி வீடு திரும்பும் நாமும் ஐந்தோ பத்தோ யூரோ கொடுத்துவிட்டுப் போகிறோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் படம் ஒட்டப்படாத குழந்தைக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்?

பிறவி இருதய நோய் அபூர்வமானதல்ல. ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. சில ஓட்டைகள் தாமாகவே மூடிவிடும். சிலவற்றுக்குப் பிறந்த சில நாட்களிலேயே கத்தி வைக்கவேண்டும். 1944 இல் அமெரிக்காவின் பால்ற்றிமோரில், உடல் நீலம்பாரித்த குழந்தையொன்றுக்கு முதன்முதலாகச் சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்று இந்நோயில் பெரும்பாலானவற்றைத் திருத்தலாம். ஆகவே இதனால் ஒரு குழந்தை இறக்கிறதென்றால், அது பிறந்த இடமும் பல வேளைகளில் அதற்குக் காரணம்.

பாரிஸில் நெக்கர் சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. 1996 இல் இருதயச் சத்திரசிகிச்சை நிபுணர் பிரான்சின் லெக்கா தொடங்கிய அமைப்பு, வறிய நாட்டுக் குழந்தைகளை இங்கு அழைத்து, பிரெஞ்சுக் குடும்பங்களின் வீடுகளில் தங்கவைத்துச் சிகிச்சையளிக்கிறது. அரிய பணி. ஆனாலும் விமானமேறிய ஒவ்வொரு குழந்தைக்குப் பின்னாலும் ஏறாத பலர் நிற்கிறார்கள்.

இலங்கையில் அரச மருத்துவம் இலவசம். கொழும்பு றிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையில் பணத்துக்குப் பதில் வரிசை. வரிசை முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தவகையில் அது இரக்கத்தைவிட நேர்மையானது. ஆனால் வரிசைக்கு வந்துசேரப் பாதை வேண்டுமே! யுத்தத்தால் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 2002 இல் திறந்த ஏ-9 பாதை, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக் குழந்தைக்குக் கொழும்பு எவ்வளவு தூரமாகியிருக்கும்?

இரக்கம் வேண்டாமென்று நான் வாதிடவில்லை. அது எவரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே என் கவலை. அகதிகளான நமக்கு இது புதிதல்ல. புகலிடம் கேட்டு, கதை சொல்லி, கேட்பவர் மனம் இரங்குமா என்று காத்திருந்தவர்கள் நாம். அதே துன்பத்தைப் பட்டும் கோர்வையாகச் சொல்லத் தெரியாதவன் நிராகரிக்கப்பட்டதையும் கண்டோம். குழந்தையின் உயிரையும் அந்தத் தராசிலா வைப்பது?

ஊர் மருத்துவமனைக்கு ஒரு எக்கோ இயந்திரம், அதை இயக்கப் பயிற்சிபெற்ற ஒருவர், பிறந்த குழந்தையின் குருதியில் ஒட்சிசனை அளக்கும் சிறு கருவி. இவற்றுக்கு முகமில்லை, படமெடுத்து ஒட்டினாலும் எவருக்கும் கண்ணீர் வராது. ஆனால் நாளை பிறக்கப்போகும், பெயர்கூட வைக்கப்படாத குழந்தைக்கு நாம் கொடுக்கக்கூடியவை இவைதான்.